இசக்கியின் ஸ்கேனில் தெரிந்த வேல்

பக்தி உள்ளவனுக்குத் தையலும் தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். (அனுபவம் எனக்கு, அவதி அவர்களுக்கு.)

தாராவியில் ஸ்கூல் பை தைப்பது என் தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது, முருகன் விடவில்லை. எங்கள் மகள் இசக்கிக்கு ஏழு வயதில் கிட்னியில் புற்றுக்கட்டி வந்து, அந்தக் கிட்னியையே எடுத்துவிட்டார்கள். கட்டி இருந்த இடத்துக்குக் கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும். ஆனால் மறுபக்கம் மிச்சமிருக்கிற நல்ல கிட்னியில் கதிர் அதிகம் படக்கூடாது. எங்கள் வீட்டின் மொத்த உயிரும் அந்த ஒற்றைக் கிட்னியில்தான் இருந்தது.

அதற்காகச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்கிறார்கள். பிள்ளையைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தின் மேல் கம்ப்யூட்டரிலேயே கதிரை விட்டுப் பார்ப்பது. கல்லீரலுக்கு எவ்வளவு போகும், முதுகெலும்புக்கு எவ்வளவு, நல்ல கிட்னிக்கு எவ்வளவு என்று கணக்கு. கணக்குப் போடுகிறவர் செம்பூர் காயத்ரி மேடம். நம் தமிழ்தான். "உடம்புல உலோகம் எதுவும் கூடாது. பருத்தி டிராயர் மட்டும் போட்டு அழைச்சிண்டு வாங்கோ" என்று சொல்லியிருந்தார்.

என் மனைவி செல்வி சொன்னபடி செய்கிறவள். வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றினாள். அரைஞாணில் கோர்த்திருந்த குட்டிச் செம்பு வேல் என் கைக்கு வந்தது. திருச்செந்தூரில் வாங்கியது. பிள்ளை அத்தனை பெரிய மெஷினுக்குள் துணையில்லாமல் போவதா? செல்வி சோறு வடிக்கப் போன நேரம் பார்த்து டிராயரின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, உள்ளே வைத்து, இரட்டைத் தையல் போட்டு மூடினேன். தடவினாலும் தட்டுப்படாது. (அவ்வளவு நேர்த்தியாக எந்த முதலாளிக்கும் நான் தைத்ததில்லை.)

ஸ்கேன் எடுத்தார்கள். இசக்கி அசையாமல் கிடந்து நல்ல பெயர் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் காயத்ரி மேடம் எங்களைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் என் மகளின் வயிறு கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. நல்ல கிட்னியின் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு வேல். சுற்றிலும் ஒளி கீற்றுக் கீற்றாக அடித்தது.

தைத்தவன் நான்தான். ஆனால் அந்த நிமிஷம் அது புத்தியிலேயே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "முருகா, வந்துட்டியாப்பா" என்று தரையில் விழுந்துவிட்டேன். செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற மராட்டிக்கார வார்டுபாய் என்ன ஏதென்று தெரியாமலே செருப்பைக் கழற்றினார்.

காயத்ரி மேடம் மட்டும் கும்பிடவில்லை. "குழந்தை எதையாவது முழுங்கிட்டாளா? உடனே டாக்டரைக் கூப்பிடணும்" என்று போனை எடுத்தார். அப்போதுதான் எனக்குத் தையல் ஞாபகம் வந்தது. என் முழியைப் பார்த்த செல்வி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஏங்க, எங்க வச்சுத் தச்சிய?"

"இடுப்புப் பட்டியில."

மேடம் போனை வைத்துவிட்டுத் திரையில் அந்த ஒளிக் கீற்றுகளை எனக்கு விரலால் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

"வேல் நல்லதுதான். ஆனா அது மறைக்கற இடம்தான் எனக்கு வேணும். உலோகம் இருந்தா படத்துல இப்படிக் கோடு கோடா அடிக்கும். கிட்னியே சரியாத் தெரியலைன்னா அதுக்கு எவ்வளவு கதிர் போறதுன்னு நான் எப்படிக் கணக்குப் போடறது?"

எதைக் காப்பாற்றச் சொல்லி முருகனை அனுப்பினேனோ அதையே நான் மறைத்திருந்தேன்.

டிராயரை மாற்றி மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இசக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் ஆடாமத்தான படுத்தேன்? அப்பா செஞ்சதுக்கு அப்பா படுக்கட்டும்."

மயக்க ஊசி போடலாமா என்று பேச்சு வந்தது. அதுவரை அவள் பட்ட ஊசிகள் போதாதா? "நான் படுக்கேன்" என்றேன். மெஷினை ஓட்டாமல் மேஜையில் படுக்க மட்டும் விட்டார்கள். அவள் அளவுக்குச் செய்த மெத்தையில் என் பாதி முதுகுதான் அடங்கியது. இசக்கி மேஸ்திரி மாதிரி பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, ஆடுதிய."

"ஏட்டி, மூக்கு அரிக்கு."

"எனக்கும்தான் அரிச்சுது. கணக்கு தப்பிரும்லா?"

நான் தும்மினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எந்திரிங்க. உங்களுக்கு இது வராது."

அவளே ஏறிப் படுத்தாள். ஒரு மயிரிழை அசையவில்லை.

சில நாள் கழித்து மேடம் கணக்கைத் திரையில் காட்டினார். கட்டி இருந்த இடம் சிவப்பு. தள்ளத் தள்ள மஞ்சள், பச்சை என்று குறைந்துகொண்டே போய், நல்ல கிட்னி அநேகமாக முழுக்க நீலம். நீலமென்றால் கதிர் ரொம்பக் குறைவு. இந்தத் தடவை நான் விழுந்து கும்பிட்டுவிடாதபடிக்குச் செல்வி என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதது அவள்தான்.

இப்போது இசக்கி என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். அந்தக் கிட்னியும் அதன் வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. வருஷா வருஷம் சோதனைக்குப் போவோம். உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று சிஸ்டர் இந்தியில் கேட்பார். "மேரே பாஸ் நஹீ. பாப்பா கோ செக் கரோ" என்பாள் இவள். தன்னிடம் இல்லையாம், அப்பாவைச் சோதிக்க வேண்டுமாம். வரிசையே சிரிக்கும்.

நானும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நிற்பேன். சோதனைக்காகத் தூக்குகிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.