பச்சாஸ் அக்காவின் தண்டனைச் சட்டம்

போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் பயப்படாமல், ஒரு தையல் மெஷினுக்குப் பயந்து நடந்த ஊர் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாதான். சத்தியமாகச் சொல்கிறேன். நாங்கள் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே, பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி அந்த மெஷின் இருந்தது. அதை மிதித்தவர் பச்சாஸ் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சின்ன வயசில் அப்பாவோடு கப்பலேறி வந்தவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். பங்குச் சாமியாருக்கே அது மறந்துபோய், பூசை முடிந்ததும் 'பச்சாஸம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

பச்சாஸ் என்றால் இந்தியில் ஐம்பது. தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் கூடிச் சண்டை போட இந்திதான் வசதி என்பதால் பட்டப்பெயரும் இந்தியிலேயே அமைந்துவிடும். அந்தப் பெயர் வந்த கதை இது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் தன் மாட்டைக் கட்டையால் போட்டு அடித்திருக்கிறான். அக்கா கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே எழுந்து போய், அவன் சட்டையைப் பிடித்து அவுட்போஸ்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த ஹெட் கான்ஸ்டபிள் வங்காளி. தாதா என்று கூப்பிடுவோம். வங்காளியில் அது அண்ணன்தான், யாரும் பயப்பட வேண்டாம். தாதா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் தடவை என்றால் அபராதம் அதிகபட்சம் பச்சாஸ் ருபயா என்றார்.

"மாசா மாசமா?" என்று கேட்டார் அக்கா.

"நஹீ தீதி. மொத்தமே அவ்வளவுதான்."

"ஏன் சார், ஒரு ப்ளவுஸுக்கு லைனிங் துணி எடுக்கக் காணுமா அது?"

சட்டம் எழுதினவர்கள் அந்தக் காலத்து ஆட்கள், அப்போது ஐம்பது ரூபாய் பெரிய காசு, அதன்பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று தாதா சமாதானம் சொன்னார். மாட்டுக்காரன் அங்கேயே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம். அந்தச் சிரிப்புதான் அக்காவைக் கொன்றுவிட்டது. பிறகு ஒரு வருஷம், பாவாடை தைக்க வந்தவர்கள், பட்டன் வைக்க வந்தவர்கள், வழி கேட்டு வந்தவர்கள், எல்லோரிடமும் அதே புலம்பல்தான். "ஒரு உசுருக்குப் பச்சாஸ். கேட்டியளா அநியாயத்த? பச்சாஸ்!" பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்?

புலம்பி அலுத்தபின் அக்கா தானே ஒரு தண்டனைச் சட்டம் கொண்டுவந்தார். அதில் ஒரே தண்டனைதான். வாயில்லா ஜீவனை வதைத்த வீட்டுத் துணி தைக்கப்படாது. மறுக்கவும் மாட்டார், திருப்பித் தரவும் மாட்டார். "நாளைக்கு வாங்க" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. அந்த நாளைக்கு என்பது குற்றத்தின் கனத்தைப் பொறுத்துப் பொங்கலுக்கும் வரும், கிறிஸ்துமஸுக்கும் வரும். வேறு கடைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனவர்கள் உண்டு. டவுனில் தைத்த ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் திரும்பி வந்தார்கள். அக்கா தைத்தால் தோலோடு பிறந்த மாதிரி உட்காரும். அந்தக் கர்வத்தில்தான் சட்டமே நடந்தது.

கோழிக்கடைத் தெலுங்கர் ஒருவர் ஸ்கூட்டர் ஹேண்டிலில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். அவர் மனைவியின் நாலு ப்ளவுஸ் கடையில் சிறைவாசம் இருந்தது. மனுஷர் கடைசியில் வந்து, இன்னும் அரைமணியில் குழம்பாகப் போகிற கோழிக்கு நிமிர்ந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன என்று மன்றாடினார். "போற வரைக்கும் நிமிந்து போட்டும்" என்றார் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. அடுத்த வாரத்திலிருந்து கராச்சர்மாக் கோழிகள் கூடைக்குள் உட்கார்ந்து, கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு போயின. அந்த அம்மாள் புது ப்ளவுஸோடு பின்சீட்டில் உட்கார்ந்து போனார்.

நானும் தண்டனை வாங்கியிருக்கிறேன். எனக்கு நாய் என்றால் உதறல். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கினதும் தெரு நாய் ஒன்று துரத்த, மாடிப்படி வரைக்கும் ஓடினேன். என் மனைவியின் ப்ளவுஸ் ஒரு வாரம் தள்ளிப்போனது. கீழே போய் நியாயம் கேட்டேன். துரத்தினது அது, ஓடினது நான், இதில் வதை எங்கே என்றேன்.

"நீங்க ஓடப் போய்தான அதுவும் ஓடிச்சு. வயசான நாய். மூச்சு வாங்கிக் கெடக்கு, போய்ப் பாருங்க."

என் மனைவி இந்தத் தீர்ப்பை முழு மனதோடு ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து நாயைக் கண்டால் நான் மெதுவாக நடக்கிறேன்.

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டேங்க் காண்ட்ராக்டர் வீட்டு விவகாரம் வந்தது. அரசாங்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கிறவர், மதுரைப் பக்கம். அடுத்த சந்தில் பெரிய காம்பவுண்டு வீடு. பின்பக்கம் ஒரு இரும்புக் கம்பத்தில் டைகர் என்று ஒரு நாய், முழச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் குடும்பத்தோடு மெயின்லேண்ட் போனார்கள். நாய்க்குச் சோறு போட ஒரு வேலையாளை வைத்துவிட்டுத்தான் போனார்கள். அவன் கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்து ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டான். கேட்டில் பூட்டு. மழை ஒரு சொட்டு இல்லாத மாதம். வேலையாள் வந்து போகிறான் என்றுதான் அக்கா உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதலில் குரைப்பு கேட்டது. பிறகு முனகல். அப்புறம் அதுவும் இல்லை. சத்தம் நின்ற அன்றைக்கு அக்கா மெஷினை நிறுத்திவிட்டு தாதாவிடம் போனார். தாதா பாவம், காண்ட்ராக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. மேலே கேட்காமல் பூட்டில் கை வைக்க முடியாது என்றார். அக்கா திரும்பி வந்து, கடையிலிருந்த கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நீங்க வாரியளா, இல்ல மாடியில நின்னு பாக்கியளா?" என்று என்னைக் கேட்டார். போனேன். நான் காவல் நின்றேன், அதாவது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இஸ்திரிப் பெட்டியால் ரெண்டு போடு. பூட்டு விழுந்தது.

உள்ளே பார்த்ததை விலாவாரியாக எழுத மாட்டேன். சங்கிலி கழுத்தில் பதிந்திருந்தது. தட்டு எட்டாத தூரத்தில் காய்ந்து கிடந்தது. உயிர் கண்ணில் மட்டும் இருந்தது. அக்கா அழவில்லை. "தண்ணித் தொட்டி கட்டுத வீடுய்யா இது" என்று மட்டும் சொன்னார். நாயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, பால், மருந்து, ஊசி என்று என்னென்னவோ செய்து, தேறவைத்துவிட்டார். எழுந்து நிற்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டர் குடும்பம் வந்து இறங்கியது.

அவர் நேரே அவுட்போஸ்டுக்குப் போனார். பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்தது, நாயைத் திருடியது என்று புகார். தாதா கை பிசைந்தார். பட்டினி போட்டதற்கு ஐம்பது ரூபாய். பூட்டை உடைத்ததற்கு ஜெயில். நாயைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தால் அது மறுபடி அதே கம்பத்துக்குத்தான் போகும்.

ஆனால் காண்ட்ராக்டர் வீட்டுக் குடுமியும் அக்கா கையில் இருந்தது. கல்யாணப் பெண்ணின் பட்டு ப்ளவுஸ்கள் அத்தனையும் கடையில். முகூர்த்தம் அடுத்த வாரம். ஊரே கை தட்டக் காத்திருந்தது. காண்ட்ராக்டரம்மா மத்தியானம் முகம் வெளுத்துப்போய்க் கடைக்கு வந்தபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். "நாளைக்கு வாங்க" என்ற தீர்ப்பைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அக்கா இஸ்திரி போட்டு மடித்த பையை எடுத்து நீட்டினார். எல்லாம் முடிந்திருந்தது. கொக்கி, முடிச்சு, குஞ்சம் உட்பட.

"பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

அந்த அம்மாள் பையை வாங்கினார். அப்போதுதான் மெஷினுக்குப் பின்னாலிருந்து டைகர் எழுந்து வந்தது. கால் இடற இடற வந்து, எஜமானியம்மாவை மோந்து பார்த்து, வாலை ஆட்டி, புறங்கையை நக்கியது. கழுத்தில் கட்டு. அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்லி அழுதார் என்று எனக்குக் கேட்கவில்லை. நாய்க்குக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் அவுட்போஸ்டில் காண்ட்ராக்டர் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை மேசையில் போட்டு, இதுதான் என் அபராதம், எடுத்துக்கொண்டு நாயைக் கொடுங்கள் என்றார். அக்கா கொடுக்க முடியாது என்றார். ஜெயிலுக்குப் போகத் தயார், அங்கே நாயைக் கூட்டிப்போக விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லும்படி தாதாவைக் கேட்டுக்கொண்டார். தாதா தலையில் கை வைத்தார்.

அப்போது காண்ட்ராக்டரம்மா உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் தாதாவிடம் சொன்னார்.

"பூட்ட ஒடைக்கச் சொன்னதே நான்தான் சார். ஊர்லருந்து போன் பண்ணிச் சொன்னேன். நாய அவங்களுக்கே குடுத்துட்டேன்னும் சொல்லிட்டேன். இவருகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

சுத்தப் பொய். காண்ட்ராக்டருக்குத் தெரியும், தாதாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எந்த மனுஷன் போலீஸ் முன்னால் மனைவியைப் பொய்க்காரி என்பான்? தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தாதா புகாரை நாலாகக் கிழித்துப் போட்டு, டீ சொல்லியனுப்பினார். அக்கா அதுவரை அடக்கிவைத்ததை எல்லாம் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுதார்.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் ஒரே பெண்கள் கூட்டம். கல்யாண சீசன், எல்லோருக்கும் அவசரம். ஆனால் மெஷின் ஓடவில்லை. டைகர் மெஷினின் மிதிகட்டை மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் அசந்து தூங்குது. எந்திரிக்கட்டும், தைச்சுத் தாரேன்" என்றார்.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் படியில் உட்கார்ந்தாள். நானும் அன்றைக்கு ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாய்க்காக என்று அக்கா நினைத்திருப்பார். அவருக்காகத்தான்.