வடக்கு முனையிலும் ஒரு மச்சான்

மனோர் பார்க்,
லண்டன்.
15.06.1994

பெருமதிப்புக்குரிய டொக்டர் யோகராஜா அவர்களுக்கு,

நாங்கள் சுகம். தங்களதும் துணைவியார், பிள்ளைகளதும் சுகத்துக்காக இங்குள்ள முருகனிடம் விண்ணப்பித்துவிட்டே பேனாவை எடுத்தேன். என்னைத் தங்களுக்குத் தெரியாது. தங்களையும் கடந்த ஞாயிறு மாலை ஐந்தேகால் மணி வரைக்கும் எனக்குத் தெரியாது. எவ்வளவு நிம்மதியாக இருந்தேன்! தங்கள் தாயாரும் என் மனைவி பாலாம்பிகையின் தாயாரும் ஒன்றுவிட்ட சகோதரிகளாம், ஆகவே நீங்கள் எனக்கு மச்சான் முறையாம். ஸ்கொட்லாந்தின் வடக்கு முனையில், அதற்கப்பால் கடல்தான் என்ற இடத்தில், எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார் என்று கேட்டதும் டெலிபோனைக் கையில் பிடித்தபடியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். படபடப்பு இன்னும் நிற்கவில்லை. தாங்கள் வைத்தியர், தங்களுக்கு விளங்கும்.

விஷயம் இதுதான். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு ஊரை விட்டு இங்கே வந்தோம். அன்றிலிருந்து நான் இரவில் மா பிசைந்து பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, பாலாம்பிகை பகலில் துணி வெளுக்கும் ஆஸ்பத்திரி லோன்றியில் வேலை. நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போவாள். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு, ஆனால் அன்றைக்கு வீடு முழுக்க ஆட்கள். ஹீத்ரோவில் வந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டில்தான் முதல் நித்திரை கொண்டார்கள், அதில் சிலர் இன்னும் எழும்பவில்லை. பதினொரு வருடத்தில் நானும் மனைவியும் தனியாக இருந்து ஒரு தேத்தண்ணி குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே இந்த ஆகஸ்டில் பன்னிரண்டு இரவுகள், நாங்கள் இருவர் மட்டும், வேறு ஒரு குஞ்சு குருமான் இல்லாமல் எங்காவது போவது என்று தீர்மானித்தேன். அதற்காக இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரரிடம் ஒரு பழைய கரவன் வாங்கினேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. யார் வீட்டுக் கதவையும் தட்டத் தேவையில்லை. நான் ஊரில் பதினாறு வருடம் ரெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன், நேர அட்டவணை போடுவதில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, எங்கள் ஆட்கள் இருக்கும் ஊர்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். பிறகு ஒரு வட்டத்தையும் தொடாமல் லண்டனிலிருந்து வடக்கு முனை வரை ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு வழியே நல்ல நல்ல இடமாகப் பார்த்து ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கரவன் தரிப்பிடம் பிடித்தேன்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. கரவனைப் பின்னுக்கு எடுப்பதென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப அது இடப்பக்கம் போகிறது. ஞாயிறில் கடைகள் பூட்டியிருப்பதால் சுப்பர்மார்க்கெட் கார் தரிப்பிடத்தில் பழகினேன், இரண்டு தள்ளுவண்டிக் கூடுகளும் ஒரு விளம்பரப் பலகையும் இப்போது நேராக இல்லை. பாலாம்பிகை கரவனுக்குள் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தவள் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். "ஐயோ, சமைக்கிற இடத்துக்குள்ளை கக்கூசப்பா!" அதன் அடியில் உள்ள பெட்டியை நாங்களே கழற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஹார்ப்பர் சிரித்த முகத்துடன் விளக்கியபோது எனக்கே தலை சுற்றியது. அந்தக் கதவை ஆணி அடித்துப் பூட்டிவிட்டு, அதன் மேல் பிள்ளையார் படம் மாட்டினோம்.

இதையெல்லாம் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது அதற்குப் பிறகுதான். பயணத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அப்படியிருக்க ஒரு கிழமைக்குள் லெஸ்டரிலிருந்து பரமேஸ்வரன் அண்ணை, மனைவியின் பெரியப்பா மகன், டெலிபோன் எடுத்தார். "என்ன மச்சான், லெஸ்டரைத் தாண்டிப் போறியளாம்? நாங்கள் என்ன செத்தே போனம்?" நாங்கள் போகிற வீதி லெஸ்டர் பக்கம் வராது அண்ணை என்றேன். "அப்ப எங்களைப் பாக்காமல் போறதுக்கெண்டே ரோட்டுப் போட்டவங்களோ?" என்றார். சரி, வருகிறோம், ஆனால் உங்கள் வீட்டு வாசலில் கரவனுக்குள் படுப்போம் என்றேன். மனுசன் துடித்துப்போனார். "வீடு வாசலோடை நான் இருக்க என்ர தங்கச்சி தெருவிலை படுக்கிறதோ? அயலட்டை என்ன சொல்லும்? நீங்கள் உள்ளைதான் படுக்கவேணும்!" உள்ளே எங்கே படுப்பது, மூன்று அறையில் ஒன்பது பேர் இருக்கிறார்களே என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வாடகைக்கு இருக்கும் இரண்டு பெடியளையும் அன்றிரவு கரவனுக்குள் படுக்க விடுவாராம்!

டொக்டர், இதைத் தயவுசெய்து இன்னொருமுறை வாசியுங்கள். அடுத்த நாள் லீட்சிலிருந்து மனைவியின் சொந்தக்காரி சிவனேஸ்வரி, அதற்கடுத்த நாள் நியூகாசில்காரர், பிறகு எடின்பரோவில் கிறிஸ்துராஜா என்றொருவர். கிறிஸ்துராஜா சொந்தமே இல்லை, பரமேஸ்வரன் அண்ணையோடு ஜெர்மனியில் ஒரே அறையில் இருந்தவராம், அது போதுமாம். எல்லோரும் சொன்னது ஒரே கதைதான்: நாங்கள் உள்ளே, அவர்களின் ஆட்கள் கரவனுக்குள். போகும்போது நாலு இரவு, திரும்பும்போது எட்டிப் பார்க்காவிட்டால் குறை, ஆகவே வரும்போதும் நாலு இரவு. இந்த நாட்டின் வீடில்லாத பெடியள் நிம்மதியாகப் படுப்பதற்கு நான் அறுநூறு மைலுக்குக் கட்டில் இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். போதாக்குறைக்கு, சவுத்தாலில் வாங்கிய மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று லீட்சுக்கு, இருபது கிலோ மிளகாய்த்தூள் நியூகாசிலுக்கு. அவற்றை ஏற்றிப் பார்த்தபோது காரின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்த்தன. ஹார்ப்பர் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதும் நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். வடக்கு முனையில் நாலு இரவு மிச்சம் இருக்கிறது, கடலும் ஆடும்தான் அங்கே இருக்கும், ஆடு எங்களை உள்ளே வந்து படு என்று கேட்காது. அந்த நேரத்தில்தான் ஞாயிறு மாலை லெஸ்டர் அண்ணை மறுபடி எடுத்து, பெரிய சந்தோஷத்தோடு சொன்னார்: "மச்சான், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. அங்கையும் எங்கட டொக்டர் ஒருத்தர் இருக்கிறார்!"

ஆகவே டொக்டர், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எங்களை அழைக்காதீர்கள். பாலாம்பிகை டெலிபோன் எடுத்தால், ஆகஸ்ட் முழுக்க ஸ்பெயினுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். வீட்டில் வெள்ளையடிப்பு என்று சொல்லுங்கள். தொற்றுநோய் என்று தாங்கள் சொன்னால் எவரும் நம்புவார்கள். என் மனைவியோடு நாலு நாள் தனியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த வயதில் வேறு ஆசை இல்லை.

தங்கள் இல்லத்தில் எந்தக் குறையும் வராமல் முருகன் காக்கட்டும், தங்கள் கை பட்ட நோயாளர் எல்லோரும் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்களைச் சந்திக்காமலே அன்பு செலுத்த விரும்பும்,
க. வைத்தியநாதன்

பி.கு.: முத்திரை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாலாம்பிகை இக்கடிதத்தை வாசித்துவிட்டாள். சண்டை வரும் என்று நின்றேன், வரவில்லை. கதிரையில் இருந்தபடியே, "லெஸ்டருக்கு டெலிபோன் அடிச்சுச் சொன்னது நான்தான்" என்றாள். "லீட்சுக்கும் நான்தான். டொக்டரின்ர நம்பரைத் தேடி எடுத்து அண்ணைக்குக் குடுத்ததும் நான்தான்." ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பதினொரு வருசம் நீங்கள் வர நான் போறன், நான் வர நீங்கள் போறியள். பன்னிரண்டு நாள் ஒரு பெட்டிக்குள்ளை இருந்துகொண்டு என்னத்தைக் கதைக்கிறது? எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். டொக்டர், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு இரவு மட்டும் தனியாக இருந்து பழகிப் பார்ப்போம் என்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது முழுவதையும் மறந்துவிடுங்கள். ஆகஸ்ட் பதினான்காம் திகதி தங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம். பதினைந்தாம் திகதி கரவனோடு கடற்கரைக்குப் போவோம். கதைக்க ஒன்றும் இல்லாமல் போனால் உடனே திரும்பி வந்து தங்கள் கதவைத் தட்டுவோம், ஒரு அறையை ஒதுக்கி வையுங்கள். வராவிட்டால், தயவுசெய்து எங்களைத் தேடி வந்துவிடாதீர்கள்.