கை காலி இல்லாத மந்திரவீரன்

இந்தக் கோடையில் கூலரைக் கழுவுவதில்லை என்று முடிவெடுத்தேன். சபதம்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக எடுத்த சபதம்.

எங்கள் ஜனக்புரி வீட்டில் ஏப்ரல் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் கூலருக்குச் சொந்தம்: பால்கனியில் நின்று, நனைந்த புல் வழியே குளிர்காற்று அடிக்கும் தகரப் பெட்டி. பாசி தேய்க்கணும், துரு சுரண்டணும், நமுத்துப் போன புல் தட்டிகளை மாற்றணும். ஆனால் ஞாயிறு மத்தியானம்தான் என் நண்பன் அர்விந்த் வருவான். சாப்பாட்டு மேஜையில் விளையாட்டு. அவன் கதை சொல்வான்: காடு, குகை, பூதம். அந்தக் கதையில் நாம் யார், நமக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "வெட்டறேன்" என்று சொன்னால் போதும். வெட்டு விழுந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் வந்தால்தான் விழும்.

சிலர் போர்வீரர்களாக இருப்பார்கள். சிலர் மந்திரவாதி. நான் இரண்டும். பெயர் இடிமுழக்கன். நான் வேலை பார்க்கும் அமைச்சகத்தில் நான் வாயைத் திறந்தால் பக்கத்து மேஜைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். அதனால்தான் அந்தப் பெயர். இடிமுழக்கன் வலக்கையால் வாள் வீசுவான், இடக்கையால் மந்திரம் போடுவான். வீரர்கள் நடுவே நோஞ்சான். மந்திரவாதிகள் நடுவே மக்கு. அடி மட்டும் இரண்டு பேருக்கானது விழும்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ," என்பான் அர்விந்த். "மந்திரம் போட ஒரு கை காலியா இருக்கணும்."

போன வாரம் என் தாளில் டீ கொட்டிவிட்டது. என் மனைவி ஹம்சா பரிதாபப்பட்டு, புதுத் தாளில் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். சுத்தப் பிரதி வந்தால் கையெழுத்துப் போடுவது அமைச்சகத்தில் எங்கள் வேலை. படிப்பது மேலதிகாரியின் வேலை.

இந்த ஞாயிறு பகடையை எடுத்தேன். ஹம்சா வந்து நின்றாள்.

"ஏன்னா, கூலர்?"

"இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு."

"என்ன சொன்னேள்? காதுல விழலை."

அர்விந்த் எடுத்துச் சொன்னான். ஹம்சா அவனுக்கு 'பாபி', அதாவது அண்ணி. "பாபி, ஞாயிறு அவனுக்கு வேணுமாம்."

"அச்சா! அப்போ பந்தயம். இன்னிக்குக் கதை நான் சொல்றேன். ஒரே ஒரு வாசல். உங்க இடிமுழக்கன் தாண்டிட்டா, வருஷம் பூரா ஞாயிறு உங்களுது. இல்லேன்னா கூலருது."

ஆறு மாதமாக டீ கொண்டுவந்து வைத்தவள். அவளுக்கு என்ன தெரியும்? சிரித்தேன். சத்தமாகவே.

ஹம்சா ஆரம்பித்தாள். "கோட்டை வாசல். சூரியன் சாயறது. சாஞ்சதும் கதவை மூடிடுவா. வாசல்ல ஒரு பூதம்."

"வாளை உருவறேன்!"

"உருவுங்கோ. பக்கத்துல ஒரு பொம்மனாட்டி, கைக்குழந்தையோட. 'கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ, இதோ வந்துடறேன்'ங்கறா."

"முடியாதுங்கறேன்."

"முடியாதுன்னு சொல்ல முடியாது. உங்க தாளைப் படியுங்கோ. கடைசி வரி."

படித்தேன். ஹம்சாவின் முத்து முத்தான எழுத்து; என் பழைய தாளில் இல்லாத வரி. 'குழந்தை, பை, மூட்டை, பெண்கள் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வான்.' கீழே என் கையெழுத்து. தேதி.

அர்விந்தைப் பார்த்தேன்.

"தாள்ல இருந்தா சட்டம்டா," என்றான் துரோகி. வாய் நிறைய ஹம்சா போட்ட வெங்காய பக்கோடா.

வலக்கையில் வாள். இடக்கையில் குழந்தை. மந்திரத்துக்குக் கையில்லை.

"ஒத்தைக் கையால பூதத்தை வெட்டறேன்!"

பகடை உருண்டது. மூன்று.

"காத்தை வெட்டினேள். குழந்தை முழிச்சுண்டு அழறது."

"வாளைப் போட்டுட்டேன். தீப்பந்து மந்திரம்!"

"குழந்தையை இடுப்புல வெச்சுண்டு தீயா?"

அர்விந்த் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"வேண்டாம், வேண்டாம். அந்தம்மா எப்போ வருவா?"

"கறிகாய் வாங்கப் போயிருக்கா. ஓசிக் கொத்தமல்லிக்குச் சண்டை நடக்கறது."

"பூதம்?"

"அதுக்குக் குழந்தைன்னா உசிரு. உங்க பக்கத்துல உக்காந்து கிலுகிலுப்பை ஆட்டறது."

"அப்போ வழி காலி! குழந்தையோட உள்ளே போறேன்!"

"பெத்தவளை வெளியில விட்டுட்டா? பிள்ளை பிடிக்கறவரா நீங்க?"

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே சூரியன் சாய்ந்தது. ஹம்சா இரண்டு கையையும் தட்டிக் கதவை மூடினாள்.

அடுத்த ஞாயிறு. பால்கனி. வலக்கையில் பிரஷ், இடக்கையில் தண்ணீர்க் குழாய், தலை கூலருக்குள். உள்ளே பகடை உருண்டது. இப்போது கதை சொல்வது ஹம்சா, வீரன் அர்விந்த்.

"ஏன்னா," ஹம்சா எட்டிப் பார்த்தாள். "பாவமா இருக்கு. அடுத்த கதையில உங்களையும் சேத்துக்கறோம். புதுத் தாள் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்கோ."

"கை காலி இல்லையே."

"பரவாயில்லை. கட்டைவிரல் போதும்."

பிரஷ்ஷோடு சேர்த்து என் விரலைப் பிடித்துத் தாளில் அழுத்திக்கொண்டாள். கூலர் துரு நல்ல மை. ரேகை பளிச்சென்று விழுந்தது.

மூக்குக் கண்ணாடி முழுக்கப் பாசித் தண்ணீர். இந்தத் தடவையும் படிக்கவில்லை.