செவரு ஏறுன வைத்தியம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு காயிதத்தை யார்கிட்டயாவது குடுத்து, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு வரணும். அவ்வளவுதான்.

இலங்கையில, கொட்டகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ நான். நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்சுப் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகியிருக்கும். எடது மாருல ஒரு கட்டி வந்துச்சு. புத்துநோய்னு சொல்லி, ரயிலேறிப் போற தூரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வச்சு மாரையே எடுத்துட்டாங்க.

வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு டாக்டர் கட்டில்கிட்ட வந்து இங்கிலீஷ்ல நெறயப் பேசுனாரு. நர்சம்மா அதையெல்லாம் சிங்களத்துல சொன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

"தேருணாத?"ன்னு கேட்டாங்க நர்சம்மா. புரிஞ்சுதான்னு அர்த்தம்.

நான் பெரிய படிப்பாளி மாதிரி தலைய ஆட்டி, "தேருணா, தேருணா"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல பாதி அதுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்குறீங்களா? அடுத்த கட்டில்ல ஆள் காத்திருக்கு. டாக்டர் கடிகாரத்தைப் பாக்குறாரு. இந்த நேரத்துல புரியலன்னு சொல்லி அவங்க மனசைப் புண்படுத்தலாமா? நம்ம உசுரைவிட அவங்க நேரம் பெரிசில்லையா!

கையில ஒரு காயிதத்தைக் குடுத்தாங்க. முழுக்க இங்கிலீஷு. அதையும் கும்பிட்டு வாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா எடது கை தோளுக்கு மேல எழும்பல. தலை சீவ முடியல. ரெண்டு கையும் ஓடலன்னா கொழுந்து எடுக்க முடியுமா? காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேர் போடும்போது என் பேரை விட்டுட்டாங்கன்னா, தோட்டத்துல குடியிருக்கக் குடுத்த லயத்துக் காம்பராவும் நமக்கு இல்ல. அப்பத்தான் அந்தக் காயிதம் ஞாபகம் வந்துச்சு.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். பூட்டு தொங்குது. டாக்டரய்யா ஹட்டனுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாராம். வர ரெண்டு நாளாகுமாம்.

திரும்பி வந்தா காம்பரா வாசல் இஸ்தோப்புல எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காரு.

"கொண்டா புள்ள, நான் படிக்கிறேன்."

"ஏங்க, உங்களுக்கு இங்கிலீஷு தெரியுமா?"

"பத்து வருஷமா நான் என்னத்தச் சுமக்கிறேன்?"

வாஸ்தவம். அவரு தோட்டத்துத் தப்பால்காரரு. தெனம் கொட்டகலைக்கு நடந்து போயி, தோட்டத்தை நடத்துற வெள்ளைக்காரத் தொரைக்கு வர்ற இங்கிலீஷு காயிதத்தையெல்லாம் பையில போட்டுச் சுமந்துட்டு வருவாரு. அதுல கொஞ்சம் முதுகு வழியா உள்ள எறங்கியிருக்கும்னு நானும் நம்புனேன். என்னா புத்தி எனக்கு!

காயிதத்தைத் தூரத்துல வச்சு, கிட்ட வச்சு, கடைசியில விரல் வச்சு எழுத்துக்கூட்டுனாரு.

"வால்."

"வாலா? எனக்கா?"

"அடச்சீ! இங்கிலீஷு வாலு. செவருன்னு அர்த்தம். அதுக்கு முன்னால கிளைம். ஏறுறது."

"எப்படிங்க இவ்வளவு தெரியுது உங்களுக்கு?"

தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "தொரை பங்களா மதில்ல ஒரு பலகை இருக்குல்ல? முந்தி ஒருக்கா பேரிக்காய்க்கு ஆசப்பட்டு ஏறி மாட்டிக்கிட்டேன். தொரை அந்தப் பலகையை எனக்கு இருவது தடவை படிச்சுக் காட்டுனாரு. டு நாட் கிளைம் வால். செவரு ஏறாதே."

"அப்ப நான் ஏறக்கூடாதா?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம். இதுல டு நாட் இல்ல. அப்ப என்னா? ஏறணும்! பக்கத்துல மூணுன்னு வேற போட்டிருக்கான். ஒரு நாளைக்கு மூணு தடவை."

எனக்குத் தலை சுத்துச்சு. மாரை அறுத்துத் தையல் போட்டு அனுப்புன பொம்பளைய எந்த டாக்டராவது செவரு ஏறச் சொல்லுவானா? ஆனா கேள்வி கேக்க நான் யாரு? "தேருணா"ன்னு சொல்லிட்டு வந்தவளாச்சே!

பக்கத்துக் காம்பரா அன்னக்கிளியக்கா காதுல இது விழுந்துருச்சு. அவங்க காதுல விழுந்தா லயம் பூராவும் கேட்டமாதிரி.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க மீனாச்சி. மேல ஏறுனா கெட்ட ரத்தம் கீழ எறங்கிரும்"னாங்க அக்கா. அவங்களும் டாக்டருக்குப் படிச்சவங்கதான் போல.

லயத்துக்குப் பின்னால மண் சரியாம இருக்க ஆளுயரத்துக்குக் கல்லுக்கட்டு ஒண்ணு இருக்கு. அங்க கூட்டிட்டுப் போனாங்க. வேடிக்கை பாக்க இருவது பேரு. என்னைச் சந்தையில வாங்குன ஆட்டுக்குட்டி மாதிரி ரெண்டு பேரு கீழருந்து தூக்குனாங்க. வீட்டுக்காரரு மட்டும் தூக்கல. காயிதத்தைப் பிடிச்சுக்கிட்டு மேற்பார்வை பாத்தாரு.

"மெதுவா! வலது காலை வை!"

அதுவும் காயிதத்துல இருந்துச்சான்னு நான் கேக்கல.

எப்படியோ ஒத்தக் கையிலயும் முட்டியிலயும் ஏறி மேல உக்காந்துட்டேன். தையல் போட்ட எடம் சுர்ருன்னுச்சு. கூட்டம் கை தட்டுச்சு.

"ஒண்ணு!"ன்னு எண்ணுனாரு வீட்டுக்காரரு. "எறங்கு. இன்னும் ரெண்டு பாக்கி."

எறங்குறதா? கீழ பாத்தேன். எறங்குறதப் பத்தி அந்தக் காயிதத்துல ஒரு வார்த்தையும் இல்லையாம். சொல்லிவச்ச மாதிரி மழை வேற பிடிச்சுக்கிச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் தொரையோட மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. தொரைக்குத் தமிழ் தெரியும். வையிறதுக்குத் தேவையான அளவு.

"ஏய்! மேலே என்னா செய்றது?"

"வைத்தியங்க தொரை"ன்னேன்.

வீட்டுக்காரரு காயிதத்தை நீட்டுனாரு. தொரை படிச்சாரு. இன்னொரு தடவை படிச்சாரு. மூஞ்சி செவந்து, ஒதடு துடிச்சுச்சு. கோவமா, சிரிப்பா? தெரியல. என்னை எறக்கச் சொன்னாரு. அப்புறம் லயத்துச் செவத்துக்கிட்ட போயி, தொப்பியைக் கழட்டிட்டு, செவத்துல ரெண்டு விரலை வச்சாரு. சிலந்தி மாதிரி அந்த விரல் மெல்ல மெல்ல மேல ஏறுது. கூடவே கையும் ஒசருது.

லயமே வாயப் பொளந்து பாக்குது. தொரைக்கும் ஏதோ ஆயிருச்சுன்னு அன்னக்கிளியக்கா பொலம்ப ஆரம்பிச்சிட்டாங்க.

"வெரலு! வெரலு ஏறு! நீ ஏறாது!"ன்னு கத்துனாரு தொரை.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நர்சம்மாவும் அன்னிக்கு இதே மாதிரி செவத்துல விரலை ஓட்டிக் காட்டுனாங்க. பாவம், மூட்டப்பூச்சி பிடிக்கிறாங்கன்னு நெனச்சேன்.

மிச்சத்தையும் தொரை சொன்னாரு. அந்தக் கையில பாரம் தூக்கக்கூடாது. வெட்டுக்காயம், சூடு படக்கூடாது. வீங்கிச் செவந்தா ஓடி வரணும்.

எல்லாரும் சிரிச்சு ஓஞ்ச நேரம், மனசுல கெடந்ததக் கேட்டுட்டேன்.

"தொரை, நோவு போயிருச்சான்னு அதுல எழுதியிருக்குங்களா?"

வீட்டுக்காரரு தரையைப் பாத்தாரு. தொரை காயிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பாத்தாரு.

"அது எழுதல. டாக்டர்கிட்ட கேளு"ன்னாரு. அந்த ஒரு தடவைதான் அவரு சத்தம் போடாமப் பேசிக் கேட்டிருக்கேன்.

தெனம் மூணு தடவை விரல் ஏறுச்சு. கை, தோளத் தாண்டிக் காது வரைக்கும் வந்துச்சு. எனக்குத் தொணையா அன்னக்கிளியக்கா இடுப்பு வலிக்கு விரல ஏத்துனாங்க, வீட்டுக்காரரு சளிக்கு ஏத்துனாரு. சுண்ணாம்பு அடிச்ச செவரு பூராவும் கைக்கறை!

மறு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பேசுனாரு, நர்சம்மா சொன்னாங்க. நான் தமிழ்லயே, "புரியல"ன்னேன். வானம் இடிஞ்சு விழல. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆயாவைத் தேடிக் கூட்டிட்டு வந்தாங்க.

"நோவு போயிருச்சா?"

ஆயா கேட்டுச் சொன்னாங்க. "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலயாம். திரும்ப வந்தாலும் வருமாம், வராமலும் போகுமாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணுமாம்."

நல்ல சேதியா, கெட்ட சேதியா? தெரியல. ஆனா என் நோவைப் பத்தி எனக்கு முழுசாப் புரிஞ்ச மொத சேதி அதுதான்.

அன்னிலேருந்து எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒரே விஷயத்தை மூணு தடவை கேப்பேன். அவருக்குக் கோவம் வரும். வரட்டுமே, அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு!