மில்லிக்கனிலிருந்து பிறம்ரனுக்கு ஒரு சமாதானத் தூது

பேரன்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய அண்ணை ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு, தம்பி ஜெயரட்ணம் வணங்கி எழுதுவது. நகரத்தின் இந்தக் கரை மில்லிக்கனில் நானும் மனுசி யோகமலரும் என் முழங்கால் வலியும் சுகம். அந்தக் கரை பிறம்ரனில் நீங்களும் அண்ணியும் உங்கள் பிடிவாதமும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

நாங்கள் கதைக்காமல் விட்டு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. உங்கள் மகன் பிரசாந்தின் கலியாணத்தை வீட்டுக்கு வந்து சொல்லாமல் அட்டையைத் தபாலில் அனுப்பினீர்கள். கூடப்பிறந்தவனுக்குத் தபாலா என்று நானும் வரவில்லை. இப்போது என் மகள் நிரூபாவுக்குத் தை மாதம் கலியாணம். முறைப்படி நான் உங்கள் வீடு வந்து சொல்ல வேண்டும், எனக்கோ கால் எழும்பவில்லை, இந்த நேரம் பார்த்து அவள் என்னைச் சோபாவில் இருத்தித் தன் ஆராய்ச்சியை விளக்கினாள், பழைய ரோமும் பாரசீகமும் எல்லையில் அடிபட்டதும் தூது விட்டதும்தான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பாடம்.

"புது ராசா வந்தா மற்ற ராசாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லவேணும் அப்பா. ஒருக்காப் பாரசீக ராசா சொல்லாம விட்டிட்டார். ரோமருக்குப் பெரிய இன்சல்ட்."

"பாத்தியே! உன்ர பெரியப்பா மாதிரி அப்பவே ஒராள் இருந்திருக்கு."

"ஆனா சண்டைக்குள்ளயும் கடிதத்தில 'என் சகோதரனே' எண்டு எழுதினவை. நீங்கள் உண்மையான சகோதரங்கள், ஒரு ஹலோ இல்லை. பெரியப்பா வராட்டில் நான் மணவறையில ஏறமாட்டன்."

உடனே யோகமலரைத் தூதராக நியமித்து அண்ணிக்குப் போன் எடுக்கச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்புக்குப் புதுப் பக்குவத்தோடு வந்தாள், கலியாணத்தை மறந்துபோனாளாம். ஆகவே நிபந்தனைகளை நானே எழுதுகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கோப்பிக்கடையில் சந்திப்போம். இருவரும் ஒரே நேரத்தில் காரை விட்டு இறங்குவோம். உங்கள் வாசலை நான் முதலில் மிதிக்க மாட்டேன், இது முடிந்த முடிவு. இதைத் தபாலில் போட்டால் நீங்கள் செய்த அதே பிழையாகிவிடும் என்பதால் நானே கொண்டுவந்து உங்கள் கடிதப்பெட்டியில் போடுகிறேன். கடிதப்பெட்டி வாசல் கணக்கில் வராது.

அண்ணை, கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இல்லாத மண்டபத்துக்குள் நான் எப்படிக் கால் வைப்பேன்? அண்ணிக்கு என் வணக்கம், பிரசாந்துக்கும் மருமகளுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சகோதரன்
ஜெயரட்ணம்

பி.கு.: மேலுள்ள நிபந்தனைகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். உங்கள் வீட்டு வாசலில் காருக்குள் இருந்து எழுதுகிறேன், மணி அடித்தும் பார்த்தேன், ஆளில்லை. இப்போதுதான் யோகமலர் போன் எடுத்தாள். நீங்களும் அண்ணியும் எங்கள் வீட்டில் இருக்கிறீர்களாம். ஊர்வாயில் கலியாணத்தைக் கேள்விப்பட்டு, ஒருவரும் முறைப்படி சொல்லாமலே வந்து, "பிள்ளையின்ர கலியாணத்தில எனக்கு என்ன வேலை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டீர்களாம். நிரூபா அழுகிறாளாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடாதேயுங்கோ அண்ணை. கடிதத்தை நானே கொண்டு வாறன்.