காதோரக் கடற்குதிரை

வழி தெரியாதவர்களால் இந்த உலகத்தில் ஒருவரும் கெட்டதில்லை. அவர்கள் நாலு பேரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இங்கே சொல்லவிருப்பது வழி தெரிந்தவர்களைப் பற்றி. சந்தியில் நீங்கள் சைக்கிளை ஊன்றி நின்றால் போதும், கேளாமலே கிட்ட வந்து, "எங்கை போகவேணும்?" என்று தொடங்கி, கையை நீட்டி, மடக்கி, உங்களுக்குத் தெரிந்த வழியையும் மறக்கச் செய்துவிட்டே ஓய்வார்களே, அவர்கள்தான்.

இணுவில் அருளம்பலம் இந்த இனத்தின் தலைமகன். போரில் பெற்றோல் பழங்கதையாகிவிட்ட தொண்ணூற்றிரண்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அத்தனை சந்தும் ஒழுங்கையும் தன் தலைக்குள் இருப்பதாக அவருக்கு நம்பிக்கை. போதாக்குறைக்கு, மருத்துவம் படிக்கும் மருமகன் ஒருநாள், "மூளைக்குள்ளை காதோரமாக் கடற்குதிரை மாதிரி ஒரு துண்டு இருக்கு மாமா. பாதையை ஞாபகம் வைச்சிருக்கிறது அதுதான்" என்று சொல்லிவிட்டான். "ஊர் மாறினால் அதுக்குத் திரும்பவும் படிப்பிக்கவேணும்" என்று அவன் சொன்ன மிச்சம் அவர் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து காதுக்கு மேலே இரண்டு விரலால் தட்டிவிட்டுத்தான் வழி சொல்லத் தொடங்குவார்.

என்ன வழி? "பேக்கரியடியாலை திரும்பிப் புளியமரத்தைக் கண்டவுடனை இடக்கைப் பக்கம்." பேக்கரி ஷெல் விழுந்து தரைமட்டமாகி வருசக்கணக்கு. புளியமரம் விறகாகி எரிந்துவிட்டது. அருளம்பலத்தின் தலைக்குள் மட்டும் இன்னும் பாண் வெந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாவம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முப்பத்தைந்து வயதாகியும் சம்பந்தம் பொருந்தாமல் நின்ற மகனுக்குப் பெண் பார்க்கப் புத்தூருக்குப் புறப்பட்டார்கள். முன்னால் அருளம்பலம். பின்னால் மகனின் சைக்கிளில், பலகாரப் பையோடு மனைவி ஞானாம்பிகை. பெண்ணின் தகப்பன் நமசிவாயம் நேரகாலம் பார்க்கிறவர். இராகுகாலத்துக்கு முன் வாசற் படலைக்குள் கால் வைக்காவிட்டால் இந்தச் சம்பந்தமும் போனதுதான்.

"பெரிய றோட்டாலை போவம் ஐயா" என்றான் மகன்.

குறுக்கு வழி தெரிந்தவர் பெரிய றோட்டால் போவாரா? ஒழுங்கைக்குள் இறங்கினார். அந்த ஒழுங்கை இன்னோர் ஒழுங்கையில் விட்டது. அது ஒரு தோட்டத்தில் விட்டது.

"இஞ்சாருங்கோ, ஆரையாவது கேப்பம்" என்றாள் ஞானாம்பிகை.

"எனக்கு ஆர் வழி சொல்லுறது?" காதுக்கு மேலே தட்டினார். கடைசியில் ஒரு நீலப் படலையைத் தள்ளினார். "இதுதான்."

வீட்டுக்காரர் நடராசா வந்தார். வியர்த்து விறுவிறுத்து, பையோடு நிற்கும் மூவரையும் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது. "வாங்கோ, வாங்கோ. எங்கையிருந்து இடம்பெயர்ந்தனீங்கள்?"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி பக்கத்து அறையைக் கூட்டிப் பாய் விரித்துவிட்டாள்.

"நமசிவாயத்தார் வீடோ? சங்கக்கடையாலை திரும்பி..." என்று தொடங்கினார் நடராசா.

"அது இடிஞ்சு போச்செல்லே" என்றாள் மனைவி.

"இடிஞ்சால் என்ன? இடம் அங்கைதானே கிடக்கு."

அருளம்பலம் நிமிர்ந்தார். தன் இனத்தைக் கண்டுகொண்டார். ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? "அது சுத்து. வயிரவர் கோயிலடியாலை வரவேணும்." இருவரும் முற்றத்து மணலில் ஈர்க்குச்சியால் வழி கீறத் தொடங்கினார்கள். இரண்டு புத்தூர் உருவாயின. இரண்டிலும் இப்போது ஒருவரும் குடியில்லை.

அருளம்பலம் தலை நிமிர்ந்தபோது ஞானாம்பிகை, மகன், பலகாரப் பை ஒன்றையும் காணோம். நடராசாவின் மனைவி படலையில் நின்று கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். நமசிவாயத்தின் வீடு நாலு வீடு தள்ளித்தான்.

அருளம்பலம் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இராகுகாலம் தொடங்கியிருந்தது. நமசிவாயம் படலையைச் சாத்திவிட்டு உள்ளிருந்தே மரியாதையாகச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ சம்பந்தி, பன்னிரண்டுக்குப் பிறகு உள்ளுக்கு வாங்கோ." சம்பந்தி. அப்படியென்றால் பேசி முடித்தாயிற்று, மாப்பிள்ளையின் தகப்பன் இல்லாமலே. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வெளியே ஒழுங்கையில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளை நிறுத்தி வழி கேட்டார். அருளம்பலத்தின் முகம் மலர்ந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக உங்களிடம் ஒருவர் வழி கேட்டபோது, "தெரியாது" என்று சொன்னீர்களா? யோசித்துப் பாருங்கள். யோசிக்கும்போது உங்கள் விரல் எங்கே போகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.