கண்ணாடிக் கடை மேகத்துக்குப் போன கதை

தலைமையாசிரியரின் வலது கண் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. இடது கண் ஏறுவதற்குள் திரை கறுத்துப்போனது.

"போச்சா?" என்று சோதனை அறையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி குரல் கொடுத்தாள்.

"போச்சு."

"மெஷினைப் போட்டீங்களா?"

"போட்டேன்."

லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் மூச்சை விட்டுவிடும். அந்த வாரத்தில் இது நாலாவது தடவை. கடைக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பதினொரு வருஷமாக வந்துபோன நாலாயிரத்துச் சொச்சம் பேரின் கண் பவர் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. யாராவது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தால், பேரைத் தட்டி, அதே பவரில் உடனே இன்னொன்று செய்து கொடுப்பார்கள். கடையின் பேரே அதில்தான் நின்றது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். ஒரு பெரிய ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அக்கா வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். கேட்காததற்கும் வைத்திருப்பான்.

"ஹார்ட் டிஸ்க் நாளை எண்ணிட்டிருக்கு மாமா. பேசாம எல்லாத்தையும் கிளவுடுல, அதான் மேகத்துல, ஏத்திடுங்க."

"அது எங்கடா இருக்கு?"

"எங்கே வேணா இருக்கும் மாமா. அதான் அதோட அழகே."

"இருக்கிற இடமே தெரியாததுல எப்படிடா ஏத்துறது?"

"இருக்கிற இடம் உங்களுக்கு எதுக்கு? போன்ல தட்டினா வரும். கடையில கரண்டே இல்லைன்னாலும் வரும். இப்ப சொல்லுங்க, உங்களுக்கு எது வேணும்? பப்ளிக்கா, பிரைவேட்டா, ஹைபிரிட்டா?"

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பப்ளிக்னா பத்துப் பேரோட பஸ்ல போற மாதிரி. பிரைவேட்னா சொந்தக் கார்."

"ஹைபிரிட்னா பாதி தூரம் பஸ், பாதி தூரம் காரா?"

"இல்ல மாமா. ஒரே நேரத்துல ரெண்டுலயும் போறது."

ஒரு கால் பஸ்ஸிலும் ஒரு கால் காரிலுமாகத் தான் போய்க்கொண்டிருப்பது போல ஒரு காட்சி தோன்றி, கடைக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே யோசனை. கை தட்டில் இருந்தது, ஆள் இல்லை. கண் சோதிக்கும் பழக்கத்திலேயே மனைவி கேட்டாள்.

"முதல்ல சொன்னது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா இருக்கு."

"மூணாவது?"

"அது ரெட்டையாத் தெரியுது."

மறுநாள் நாலு பெரிய கம்பெனிகளுக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு, பாட்டுக் கேள். எந்தப் பக்கம் போனாலும் மனுஷக் குரலே இல்லை. ஐந்தாவதாக மச்சினன் கொடுத்த ஒரு சின்னக் கம்பெனியின் நம்பரில், இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

"நீங்க நிஜமான ஆளா?"

"ஆமாம் சார்."

"எப்பப் பண்ணினாலும் எடுப்பீங்களா?"

"எடுப்போம் சார். எடுக்க நாங்க மூணு பேர் இருக்கோம்."

அவ்வளவுதான். பப்ளிக்கா பிரைவேட்டா என்று கேட்கக்கூட மறந்து சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் நாலாயிரத்துச் சொச்சம் பேரின் கண்களும் மேகத்தில் ஏறின. தொட்டால் போனில் வந்தன. கடைக்காரருக்கு எட்டாயிரம் கண்களும் தன்னையே பார்ப்பது போல ஒரு பெருமிதம்.

கூட இருந்து ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மச்சினன் ஒரு வார்த்தை சொல்லிவைத்தான். "கடை வயரிங் சரியில்லை மாமா. மெஷின்ல கருகின வாசம் வந்தா யோசிக்காதீங்க, ஓடிப்போய் மெயினை அணைச்சுடுங்க."

மறுநாள் பதினோரு மணிக்கே வாசம் வந்தது. கடைக்காரர் யோசிக்கவில்லை. ஓடினார். மாடிப்படிக்கு அடியில் இருந்த மரப்பலகையில் ஆறு மெயின்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் மேலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எதற்கு வம்பு என்று ஆறையும் கீழே தள்ளினார்.

கடை இருண்டது. பரவாயில்லை, மேகம் இருக்கிறதே. பெருமையாகப் போனை எடுத்து ஒரு வாடிக்கையாளரின் பேரைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, மேகத்தைக் காணோம்?"

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் போன் பெண். "எங்க இடத்துல திடீர்னு கரண்ட் போயிடுச்சு. பேட்டரி ஒரு நிமிஷம்கூடத் தாங்கலை."

"அங்கேயுமா!"

மெஷின் ஆறியதும் மெயினைப் போட்டார். சற்று நேரத்தில் மேகமும் வந்துவிட்டது. தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை கருகின வாசம், இரண்டு தடவை ஓட்டம், இரண்டு தடவை மேகம் மாயம்.

"உங்க இடத்துல பொறுப்பா ஒரு ஆள் கிடையாதா?" என்று போனில் எகிறினார்.

"யாரோ மெயினை அணைக்கிறாங்க சார். எந்தப் புண்ணியவான்னு தெரியலை."

"அவனைப் பிடிச்சு நாலு அறை விடுங்கம்மா! ஊரான் பிழைப்புல மண்ணைப் போடுறவன்!"

"கண்டிப்பா சார்."

மச்சினனிடம் புலம்பினார். அவன் விரலைச் சொடுக்கினான். "ஹைபிரிட்! மணிக்கு ஒரு தடவை மேகத்துல இருக்கிறது கடைக் கம்ப்யூட்டர்லயும் இறங்கட்டும். அது போனா இது."

நல்ல யோசனைதான். வெள்ளிக்கிழமை இறங்கிக்கொண்டிருக்கும்போதே கருகின வாசம் வந்தது. பாதியில் இரண்டு பக்கமும் நின்றது. கரண்ட் திரும்ப வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் பேர்கள் எல்லாம் சரியாக இருந்தன, பவர்கள் மட்டும் ஒரு வரி கீழே நழுவியிருந்தன. அது யாருக்கும் தெரியவில்லை, தலைமையாசிரியர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வரும்வரை. அவர் காலை ஒவ்வொன்றாக உயரத் தூக்கி, தண்ணீரில் நடப்பவரைப் போலக் கடைக்குள் நுழைந்தார்.

"தரை எழும்பி வருதுய்யா," என்றார். "என் மனைவி ரெண்டா நிக்கிறா. ஒருத்தி திட்டினாலே தாங்காது."

கடைக்காரரின் மனைவி அவரைக் கைபிடித்து உட்காரவைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, முதல்ல பவரை எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க."

அவர் நோட்டு வாங்கவில்லை, யு.பி.எஸ். வாங்கினார். மின்சாரம் போனாலும் மேகத்திலிருந்து இறங்குவது பாதியில் நிற்காது என்று மச்சினன் சத்தியம் செய்திருந்தான். திங்கட்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்து, ஏணி போட்டு ஏறி, ஆறு மெயினையும் அணைக்கச் சொன்னார். "ஒரு மணி நேரம். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

பத்து நிமிஷம் போயிருக்காது. வழக்கமாக இங்கேயே கண்ணாடி வாங்கும் பஸ் டிரைவரம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் ஒரு ஃபிரேமும் நாலு துண்டுக் கண்ணாடியும்.

"சீட்டுல வச்சிட்டு அது மேலயே உட்கார்ந்துட்டேன். ஒரு மணிக்கு லைசென்ஸுக்கு மெடிக்கல் செக்கப். கண்ணாடி இல்லாமப் போனா பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்க அண்ணே."

"பவர் நம்பர் தெரிஞ்சா அஞ்சு நிமிஷம்," என்றாள் மனைவி. "இதே ஃபிரேமுக்கு வெட்டின லென்ஸ் எல்லாப் பவர்லயும் இருக்கு. ஆனா இப்பக் கண்ணைச் சோதிக்கவும் கரண்ட் வேணும், துண்டை அளக்கவும் கரண்ட் வேணும்."

கடைக் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓடினாலும், நழுவின பட்டியலை அழித்தாகிவிட்டது, புதுப் பட்டியல் இன்னும் இறங்கவில்லை. கடைக்காரர் போனைத் தட்டினார். வட்டம் சுற்றியது.

"ஐயா," என்று ஏணியைப் பார்த்துக் கெஞ்சினார், "கொஞ்சம் மெயினைப் போட்டுக்கலாமா?"

இரண்டு கையிலும் கம்பியோடு எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். "தாராளமாப் போடுங்க. எனக்கும் மேகத்துல ஒரு இடம் பார்த்து வைங்க."

டிரைவரம்மா சுவர்க் கடிகாரத்தின் அடியில் போய் நின்று, கண்ணைச் சுருக்கி முள்ளைத் தேடினார். அதைப் பார்த்ததும் கடைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. போனைப் போட்டார்.

"ஒரு பெண்ணோட வேலை போகப் போகுது! உங்க மேகம் மேகமா, புகையா? இன்னும் அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா நானே நேர்ல வந்து அந்த மெயினை அணைக்கிறவன் கையை ஒடிக்கிறேன்! எங்கே இருக்கீங்க, சொல்லுங்க!"

"வேண்டாம் சார், நாங்களே கண்டுபிடிக்கக் கிளம்பிட்டோம். வயரைப் பிடிச்சுக்கிட்டே போறோம்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

கோபம் ஆறாமல் கடைக்காரர் மாடிப்படிக்கு அடியில் போய், எலெக்ட்ரீஷியன் கேட்ட ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த ஆறு மெயின்களுக்கும் காவல் நின்றார்.

மேலேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம் இறங்கி வந்தது. ஒரு பெண் சுவரோரமாக ஓடிய வயரை விரலால் தடவிக்கொண்டே கடைசிப் படிக்கு வந்தாள். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த மெயினை மட்டும் போட்டுவிடுங்க. எங்க கம்பெனி இங்கேதான் நாலாவது மாடியில இருக்கு, யாரோ ஒரு கண்ணாடிக் கடைக்காரர் போன்லயே எங்களை வறுத்தெடுக்கிறாரு!"